நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு வாங்கிய லெட்டர்ஹெட்

"அதெல்லாம் இருக்கட்டும்வே, மஞ்சள் எங்க?"

தலைவர் வானமாமலை அண்ணாச்சி தாளை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, நாலு மூலையையும் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் இதைக் கேட்டார்.

வெயிலுமுத்துவுக்குப் புரியவில்லை. "எந்த மஞ்சள், அண்ணாச்சி?"

"மூலைக்கு மூலை தடவுத மஞ்சள். பின்ன, கறிக்கு அரைக்கிற மஞ்சளையா கேக்கேன்?"

"அண்ணாச்சி, இது கல்யாணப் பத்திரிகை இல்ல. கம்பெனி லெட்டர்ஹெட்டு."

"கல்யாணம் எத்தனை நாளைக்குவே? ஒரு நாளைக்கு. அதுக்கே தடவுதோம். யாவாரம் ஆயுசுக்கும். அதுக்குத் தடவாண்டாமா?"

மேஜைக்குப் பின்னால் இன்னும் மூன்று தலைகள் ஆமாம் என்று ஆடின. கௌரவச் செயலாளர் கிட்டு மட்டும் ஆட்டி முடித்த கையோடு அதை மினிட்ஸ் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்: 'மூவர் தலையசைத்தனர்.' ரயில்வே ஆபீசில் முப்பத்திரண்டு வருஷம் ஹெட்கிளார்க்காக இருந்தவர். எதையும் எழுதாமல் விட்டால் அது நடக்கவே இல்லை என்று நினைக்கிற ஜாதி.

இடம் மாட்டுங்கா. ஒரு மெஸ்ஸுக்கு மேலே மாடியில் இருக்கிற பம்பாய் தென்னாட்டுச் சிறுதொழிலர் ஒற்றுமைச் சங்கம். அதில் ஒன்பது உபகமிட்டிகள். ஒன்பதாவதன் பெயர் கடிதச் சாதன அழகு மதிப்பீட்டு உபகமிட்டி. உறுப்பினர் எவராவது லெட்டர்ஹெட், கவர், விசிட்டிங் கார்டு அடிக்க வேண்டுமென்றால் மூன்றையும் இங்கே கொண்டுவந்து காட்டி, அழகாக இருக்கிறது என்று மார்க் வாங்க வேண்டும். நூற்றுக்கு அறுபது வாங்கினால்தான் பாஸ்.

ஏன் இப்படி ஒரு கமிட்டி என்று கேட்காதீர்கள். சரி, கேட்டுவிட்டீர்கள், சொல்கிறேன். போன வருஷம், அதாவது அறுபத்து மூன்றில், ஓர் உறுப்பினர் தலைவருக்குப் பொங்கல் வாழ்த்து எழுதினார். லெட்டர்ஹெட்டில் அவர் கம்பெனிப் பெயர் பெரிதாக இருந்தது. கீழே அவர் கையால் எழுதிய தலைவர் பெயர் சிறிதாக இருந்தது. அவ்வளவுதான். அடுத்த வாரமே கமிட்டி பிறந்துவிட்டது.

வெயிலுமுத்துவுக்கு இந்த மார்க் உயிர்ப் பிரச்சினை. மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் பத்துக்குப் பதினைந்து அறையில் இரண்டு மிஷின், மூன்று ஆள் வைத்துத் தோல்பை தைக்கிறான். ஏழு வருஷமாக அவன் தைத்த பையில் எல்லாம் தாராவி தலால், அதாவது தரகன், ஒருவன் தன் லேபிளை ஒட்டி விற்றான். இப்போதுதான் முதல்முறையாக, கோட்டைப் பக்கத்து மருந்துக் கம்பெனி ஒன்று நேராக அவனையே கூப்பிட்டிருக்கிறது. மருந்து விற்கப் போகிற பையன்களுக்கு நானூறு பை. பர்ச்சேஸ் பார்க்கிற மிஸ்திரி சாகிப் என்ற பார்சிக்காரர் இரண்டே இரண்டு விஷயம்தான் கேட்டார். கொட்டேஷன் கம்பெனி லெட்டர்ஹெட்டில் இருக்க வேண்டும். கூடவே ஏதாவது ஒரு தொழில் சங்கத்தின் சர்ட்டிபிகேட் வேண்டும். சனிக்கிழமை ஐந்து மணிக்குள்.

சர்ட்டிபிகேட் கொடுக்கிற ஒரே சங்கம் இது. லெட்டர்ஹெட் பாஸாகாமல் இது சர்ட்டிபிகேட் கொடுக்காது. அன்று திங்கட்கிழமை.

அந்தத் தாளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது நல்ல தாள். தாராவி மெயின் ரோட்டில் டிரெடில் பிரஸ் வைத்திருக்கிற மேலப்பாளையத்துக்காரர் மன்சூர் அலி அடித்துக் கொடுத்தது. மேலே இடது ஓரத்தில் பெருவிரல் நகம் அளவுக்கு ஒரு பை. பக்கத்தில் 'வெயில் லெதர் ஒர்க்ஸ்' என்று இங்கிலீஷில் கறுப்பு எழுத்து. அடியில் மெல்லிய கோடு. கோட்டுக்குக் கீழே லேபர் கேம்ப், பம்பாய்-19. மிச்சமெல்லாம் வெள்ளை.

"லெட்டர்ஹெட்டுங்கிறது சட்டைக்குக் காலர் மாதிரி, மாப்ள" என்று மன்சூர் அலி சொல்லியிருந்தார். "காலரே முழங்கால் வரைக்கும் தொங்கினா, சட்டைய எங்க போடுவீரு?"

கமிட்டிக்குக் காலர் போதவில்லை.

"ஒரே வெள்ளையால்லா கெடக்கு" என்றார் உபதலைவர் ஞானதுரை. செம்பூரில் டிரங்குப்பெட்டி வியாபாரம். "கறுப்பு எழுத்து, வெள்ளைத் தாளு. எடுத்த எடுப்புல யாரு செத்துட்டான்னுதான் எனக்குத் தோணிச்சு."

"துஷ்டிக் கடுதாசிதான் இப்படி இருக்கும்" என்று தலைவர் ஒப்புக்கொண்டார். "நம்ம கலை நிபுணர் என்ன சொல்லுதாரு?"

கலை நிபுணர் செல்லப்பாண்டி கண்ணைப் பாதி மூடி, தலையைச் சாய்த்து, தாளை இரண்டு கை தூரத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு முகர்ந்து பார்த்தார். நகரத்து ஓவியப் பள்ளிக்கூடம் ஒன்றின் வாசலுக்கு எதிரே பதினான்கு வருஷம் டீக்கடை நடத்தியவர் அவர். சங்கத்தில் ஓவியத்துக்கு அவ்வளவு பக்கத்தில் வேறு யாரும் போனதில்லை.

"காலி எடத்தைப் பாத்தா கண்ணு எங்க போய் உக்காரும்?" என்றார். "நாலு நாற்காலி போடாம விருந்தாளியக் கூப்பிட்ட மாதிரி இருக்கு."

கிட்டு மார்க் பட்டியலை வாசித்தார். "மங்களம், முப்பதுக்குப் பூஜ்யம். மரியாதை, நாற்பதுக்குப் பூஜ்யம். நிறம், பதினெட்டுக்குப் பூஜ்யம். பார்வை, பத்துக்குப் பூஜ்யம். எழுதுறதுக்கு இடம், ரெண்டுக்கு ரெண்டு. ஆகமொத்தம் நூத்துக்கு ரெண்டு. மனசைத் தளர விடாதேயும், ஓய். ரெண்டு வாங்கியிருக்கீர். போன மாசம் ஒருத்தர் ஒண்ணுதான்."

செவ்வாய்க்கிழமை வெயிலுமுத்து மஞ்சள் தடவி, கறுப்பைச் சிவப்பாக்கி, தலையில் பிள்ளையார் சுழி போட்டுக் கொண்டுவந்தான்.

தலைவர் எழுந்தே விட்டார். "ஏல! பிள்ளையாருக்குப் பக்கத்துல தோலை வச்சிருக்கியே!"

தோல்பைப் படம் சுழிக்கு அரை இஞ்ச் தள்ளி இருந்தது. எத்தனை இஞ்ச் தள்ளினால் தெய்வக் குத்தம் வராது என்று முக்கால் மணி நேரம் பேசினார்கள். ஞானதுரை வேதக்காரர், சர்ச்சுக்குப் போகிறவர். "எங்களுக்கு அந்தக் கணக்கு இல்ல, ஆனா உங்க சாமிய நான் விட்டுக்குடுக்க மாட்டேன்" என்று சொல்லி நாலு இஞ்ச் கேட்டார். கடைசியில் இரண்டரை இஞ்ச் என்று தீர்மானமாயிற்று. கிட்டு ஸ்கேலை வைத்து அளந்தார். பை தாளின் வலது கீழ் மூலைக்குப் போய்ச் சேர்ந்தது.

"இப்பம் மங்களம் வந்துட்டு" என்றார் தலைவர். "மரியாதை எங்க?"

"மரியாதைன்னா, அண்ணாச்சி?"

"பேருவே, பேரு! இந்தத் தாளு ஒரு பெரிய எடத்துக்குப் போவுது. இவன் யாரு, என்னன்னு பாப்பான். இவன் பின்னால எவனும் இல்லன்னு தெரிஞ்சா என்ன நெனைப்பான்? எங்க ஊருல கல்யாணப் பத்திரிகை அடிச்சா மாப்பிள்ளை பேரு கண்டுபிடிக்கவே கால் மணி நேரம் ஆவும். அம்புட்டு சொந்தம் இருக்கும். அதுல்லா கௌரவம்." கொஞ்சம் தணிந்து தொடர்ந்தார். "என் பேரப் போடச் சொல்லி நான் கேக்கல. எனக்குப் பேரு ஆசை கிடையாது. கீழ மெஸ்ஸுல நான் சாப்பிடுத தட்டுல என் பேரு வெட்டியிருக்கு. அது தட்டு காணாமப் போவாம இருக்க. இந்த நாற்காலில என் பேரு எழுதியிருக்கு. அது வேற எவனும் உக்காராம இருக்க. அந்தா கெடிகாரத்துல இருக்கு. அது நான் குடுத்ததுன்னு தெரியணும்லா, அதுக்கு. மத்தபடி எனக்கு எதுக்குவே பேரு?"

வெயிலுமுத்து, "அண்ணாச்சி பேரு முதல்ல போட்டுருதேன்" என்றான்.

"பாத்தேளா, தானா சொல்றார்" என்று கிட்டு எழுதிக்கொண்டார்.

தலைவர் பெயர் போட்டால் உபதலைவர் பெயர் போட வேண்டும். இருவர் பெயரும் போட்டால் முன்னாள் தலைவர்கள் மூவர் பெயரையும் போட வேண்டும், இல்லாவிட்டால் பிரிந்துபோய் வேறு சங்கம் ஆரம்பிப்பார்கள். பிறகு காரியக் கமிட்டி, பிறகு தணிக்கையாளர், பிறகு காரியக் கமிட்டியில் இல்லாததால் மனசு நொந்து போயிருப்பவர்கள். ஆகமொத்தம் இருபத்தேழு பெயர்.

"மாப்ள, இது லெட்டர்ஹெட்டா, ரேஷன் கார்டா?" என்று கேட்டபடி மன்சூர் அலி ஒவ்வொரு எழுத்தாகக் கோத்தார். புதன்கிழமை காலைப் புரூஃபில் இருபத்தேழு பெயரும் ஒன்றன் கீழ் ஒன்றாக நின்றன.

ஞானதுரை பார்த்தார். தம் பெயருக்கு மேல் ஒரு பெயர் இருந்தது. சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். அப்போதும் இருந்தது.

"அப்ப நான் கீழ. நான் கீழதான். வாரேன்" என்று எழுந்துவிட்டார்.

படி வரைக்கும் போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்தார்கள். வந்தவர் உட்காரமாட்டேன் என்றார். அப்போதுதான் கலை நிபுணர் செல்லப்பாண்டி அந்த யோசனையைச் சொன்னார். "வட்டமாப் போடுங்க. சூரியன் கணக்கா. வட்டத்துல யாரு மேல, யாரு கீழ?"

எல்லோரும் கைதட்டினார்கள். மன்சூர் அலி தலையில் அடித்துக்கொண்டு, ஈய எழுத்தை எப்படியோ வளைத்து வட்டமும் போட்டுக் கொடுத்துவிட்டார். சாயங்காலம் புரூஃப் வந்தது. இருபத்தேழு பெயரும் கதிர் மாதிரி விரிந்திருந்தன. உச்சியில் வானமாமலை. நேர் கீழே ஞானதுரை.

"தலகீழாத் தொங்குதேன்!" என்று அலறினார் ஞானதுரை. "வௌவால் மாதிரி!"

"அதெப்படி? தாளை இப்படித் திருப்பும்" என்று கிட்டு தாளைச் சுற்றிக் காட்டினார். "இப்போ நீர் மேலே, தலைவர்தான் தொங்கறார்."

"என்னவே?" என்றார் தலைவர்.

"தற்காலிகமாத்தான்" என்றார் கிட்டு.

படிக்கிறவன் தாளை ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் படிக்க வேண்டும் என்று தீர்மானமாயிற்று. அதற்காகத் தாளின் ஓரத்தில் 'தயவுசெய்து சுற்றவும்' என்று ஓர் அம்புக்குறி. மரியாதை, நாற்பதுக்கு நாற்பது.

வட்டம் பரந்த வேகத்தில் கீழ் மூலையில் இருந்த தோல்பை ஒடுங்கிக்கொண்டே போனது. செல்லப்பாண்டி அதைச் சுட்டிக் காட்டி, "இது என்னது, எறும்பா?" என்று கேட்டார்.

"பை, அண்ணே."

"எறும்பு மங்களம் இல்ல. எடுத்துருங்க."

பை போயிற்று. அந்த இடத்தில் சங்கத்தின் சின்னம் வந்தது. ஒரு கை இன்னொரு கையைப் பற்றியிருக்கும். ஒற்றுமை என்று சொல்வார்கள். பார்த்தால் போலீஸ்காரன் பிக்பாக்கெட்டைப் பிடித்த மாதிரி இருக்கும்.

வியாழக்கிழமை பார்வைப் பரீட்சை. இது செல்லப்பாண்டியின் சொந்தக் கண்டுபிடிப்பு.

"அழகுன்னா என்ன?" என்று அவர் விளக்கினார். "நிக்கிறவன் பாத்தா அது அழகு இல்ல. அவன் சும்மா நிக்கான், எதையும் பாப்பான். ஓடுதவன் பாக்கணும்! தாதர் ஃபாஸ்ட்டுல போறவன் கண்ணுல பட்டு மனசுல ஒட்டணும்."

ஆகவே வெயிலுமுத்து மாட்டுங்கா ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் லெட்டர்ஹெட்டைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து நிற்க வேண்டும். கமிட்டி குர்லாவில் ஃபாஸ்ட் லோக்கல் ஏறி, மாட்டுங்காவில் நிற்காமல் கடக்கும்போது படித்துப் பார்க்கும். வெயிலுமுத்து பத்தரைக்கே பிளாட்பாரம் டிக்கெட் வாங்கிக்கொண்டு போய் நின்றான். எந்த வண்டி என்று யாரும் சொல்லவில்லை. அதனால் எல்லா வண்டிக்கும் தூக்கினான்.

முருங்கைக்காய்க் கட்டோடு போன ஓர் அம்மாள் நின்று தாளை உற்றுப் பார்த்தாள். "யாருக்குத் தம்பி கல்யாணம்?"

"கல்யாணம் இல்லம்மா."

"பொய் சொல்லுதான் பாரு. இம்புட்டுப் பேரு போட்டு, மஞ்சளும் தடவி! எந்த மண்டபம்? சாப்பாடு மத்தியானமா?"

கொஞ்ச நேரம் கழித்து ஒரு ஹவல்தார் வந்தார். கையைத் தூக்கி நிற்கிறவனைப் பார்த்தால் பம்பாய்ப் போலீசுக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றும், ஆர்ப்பாட்ட ஊர்வலம். "க்யா ரே, மோர்ச்சா ஹை? பாக்கி லோக் கிதர் ஹை?" மற்ற ஆட்கள் எங்கே என்று கேட்டார்.

"மோர்ச்சா நஹி, சாப். லெட்டர்ஹெட்."

"கோன்சா யூனியன்?" எந்த யூனியன் என்று அவர் விடவில்லை.

அவருக்கு விளக்கிச் சொல்லிக்கொண்டிருந்த நிமிஷத்தில்தான் கமிட்டியின் வண்டி கடந்திருக்க வேண்டும். ஜன்னலில் ஒரு வெள்ளை வேட்டி பறந்த மாதிரி இருந்தது. அவர்கள் திரும்பி வருவார்கள் என்று வெயிலுமுத்து ஒன்றே கால் வரைக்கும் நின்றான். தோள் இறங்கிவிட்டது. கமிட்டி தாதரில் இறங்கி, பூரிக் கிழங்கு சாப்பிட்டு, இரண்டாவது காப்பியில் இருந்தது. கிட்டுவின் மினிட்ஸ் இப்படிச் சொல்கிறது: 'வண்டி கடக்கையில் தலைவர் பெயர் தெளிவாகத் தெரிந்தது. கம்பெனியின் பெயர் தெரியவில்லை. பரம திருப்தி.'

பார்வை, பத்துக்குப் பத்து.

வெள்ளிக்கிழமை பாஸ். மங்களம் முப்பது, மரியாதை நாற்பது, நிறம் பதினெட்டு, பார்வை பத்து. எழுதுவதற்கு இடம் மட்டும் ரெண்டுக்குப் பூஜ்யம். ஆகமொத்தம் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. சங்க வரலாற்றிலேயே உச்சம். தலைவர் தாமே எழுந்து சர்ட்டிபிகேட்டைக் கொடுத்து, ஒரு சால்வையும் போர்த்தினார். போட்டோ எடுத்ததும் சால்வையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். சங்கத்தில் ஒரே சால்வைதான்.

விசிட்டிங் கார்டிலும் இருபத்தேழு பெயர் வந்ததால் அது நாலாக மடித்து விரிக்கிற மாதிரி ஆகியிருந்தது. இரண்டு கையாலும் விரித்துக் கொடுக்க வேண்டும், கை குலுக்க ஒரு கையும் மிஞ்சாது. கவரில் ஸ்டாம்பு ஒட்ட இடம் இல்லை. லெட்டர்ஹெட்டில் எழுத இரண்டு விரல் அகலம் இருந்தது. அதில் ஒரு விரலை 'இப்படிக்கு' என்று முன்கூட்டியே அச்சடித்த சொல் பிடித்துக்கொண்டது.

சனிக்கிழமை காலை. லேபர் கேம்ப்பில், தைக்காத தோலின் மேல் உட்கார்ந்து வெயிலுமுத்து அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். பெண்டாட்டி பூமாரி காப்பியைக் கொண்டுவந்து வைத்தாள்.

"என்னங்க, பாஸாயிட்டுன்னீங்க. எழவு விழுந்த மாதிரி உக்காந்திருக்கீங்க?"

"நானூறு பை. என்ன தோலு, என்ன பட்டி, என்ன ஜிப்பு, எத்தனை நாள்ல தருவேன், அம்புட்டும் எழுதணும் பூமாரி. இதுல 'ஐயா'ன்னு எழுதக்கூட எடம் இல்ல. சாயந்தரம் அஞ்சு மணியோட முடிஞ்சிது. திரும்பவும் அந்தத் தலால்கிட்டத்தான் போவணும்."

பூமாரி தாளை வாங்கினாள். அம்புக்குறி சொன்னபடி ஒரு சுற்றுச் சுற்றினாள். எரிச்சலாக வந்தது. அப்படியே குப்புறக் கவிழ்த்தாள்.

"இந்தப் பக்கம் யாரு பேராவது இருக்கா?"

"இல்ல."

"அப்ப இதுதான் நம்ம பக்கம். தாளு பாஸான தாளுதான?"

வெயிலுமுத்து காப்பியை அப்படியே வைத்துவிட்டு தாராவிக்கு ஓடினான். மன்சூர் அலி விஷயத்தைக் கேட்டுச் சிரித்தார். மேஜைக்கு அடியிலிருந்து எதையோ இழுத்தார். திங்கட்கிழமை கோத்த எழுத்து. நூல் சுற்றியபடி, பிரிக்காமல், பெருவிரல் நக அளவுப் பையோடு.

"எப்படியும் இதுக்குத்தான் வந்து நிப்பீருன்னு தெரியும், மாப்ள."

பத்துத் தாள் எடுத்துப் பின்பக்கத்தில் அதை அடித்தார். காய்ந்ததும் பக்கத்து ஆபீஸ் டைப்ரைட்டரில் கொட்டேஷன் அடிக்கப்பட்டது. நாலே கால் மணிக்கு வெயிலுமுத்து கோட்டையில் மிஸ்திரி சாகிப்புக்கு எதிரே நின்றான்.

மிஸ்திரி சாகிப் தடித்த கண்ணாடி வழியாக நிதானமாகப் படித்தார். சின்னப் பையின் மேல் விரலை வைத்தார். "அச்சா ஹை. ஏக்தம் சாஃப்." நன்றாக, சுத்தமாக இருக்கிறது என்றார். பிறகு, பெரிய கம்பெனி ஆட்களுக்கு இருக்கிற ஒரு கெட்ட பழக்கம், தாளைத் திருப்பினார்.

மிஸ்திரி சாகிப் தாளைச் சுற்றினார். பாதிச் சுற்றில் தலையையும் சேர்த்துச் சுற்றினார்.

"யே ஸப் கோன் ஹை?" இவர்களெல்லாம் யார் என்று கேட்டார்.

எல்லாம் எங்கள் பெரியவர்கள், எங்களுக்குப் பின்னால் நிற்கிறவர்கள் என்று வெயிலுமுத்து தெரிந்த இந்தியில் சொன்னான். "ஸப் ஹமாரா படா ஆத்மி, சாப். ஹமாரே பீச்சே கடா ஹை."

மிஸ்திரி சாகிப்பின் புருவம் ஏறியது. அவருடைய கம்பெனியில் ஒரு விதி உண்டு. புதுச் சப்ளையருக்கு ஆர்டர் கொடுத்தால், சரக்கு நேரத்துக்கு வராவிட்டால் பதில் சொல்ல இரண்டு பேர் ஜாமீன் நிற்க வேண்டும். எல்லோரும் அந்த இரண்டு பேருக்கே மாசக்கணக்கில் அலைவார்கள். இவனுக்குப் பின்னால் இருபத்தேழு பேர், அச்சடித்து, மஞ்சள் தடவி நிற்கிறார்கள்!

"ஸத்தாயீஸ் ஜாமீன்!" என்றார், மரியாதையாக. "ஆர்டர் தும்ஹாரா. ஸப் கா சைன் மங்தா, பஸ்." எல்லோரும் கையெழுத்துப் போட்டால் போதுமாம்.

செவ்வாய்க்கிழமை கம்பெனியிலிருந்து சங்கத்துக்குக் கடிதமும் ஜாமீன் ஃபாரமும் போயின. கிட்டு அதை இரண்டு முறை வாசித்துவிட்டுத் தமிழில் சொன்னார். "அதாவது, லெட்டர்ஹெட்டிலே கண்ட இருபத்தேழு கனவான்களும் கையெழுத்துப் போடணும். அடுத்த மாசம் முப்பதாம் தேதிக்குள்ளே பை வரலேன்னா, இந்த இருபத்தேழு பேரும் கோர்ட்டிலே வந்து பதில் சொல்லணும்."

சங்கத்தின் அவசரக் கூட்டம் அன்று மாலையே நடந்தது. வழக்கமாகக் கோரத்துக்கு ஆள் சேரவே மூன்று வாரம் ஆகும். அன்றைக்கு இருபத்தேழு பேரும் வந்துவிட்டார்கள். ஒருவர்கூடக் காப்பி கேட்கவில்லை.

"அந்த ஞானதுரை நான் இல்ல" என்று ஆரம்பித்தார் ஞானதுரை. "செம்பூர்ல ஞானதுரைன்னு எத்தனை பேரு இருக்கான்!"

"நீங்கதான அண்ணாச்சி இனிஷியல், கடை அட்ரஸ் எல்லாம் போடச் சொன்னீங்க?" என்றான் வெயிலுமுத்து.

"தலகீழாத்தானவே போட்டீரு! தலகீழாப் போட்ட பேரு சட்டப்படி செல்லுமா?"

தலைவர் எழுந்தார். குரல் கனிந்திருந்தது. "பேரு என்னவே பேரு. வரும்போது பேரோடயா வந்தோம்? பெத்தவன் வைக்கான். போவும்போது பேரோடயா போறோம்? பிணம்னுதான் சொல்லுதான். நடுவுல நாலு நாளைக்குக் காயிதத்துல பேரப் போட்டு என்ன கண்டோம்? நான் அன்னிக்கே சொன்னேன்லா, எனக்குப் பேரு ஆசை கிடையாதுன்னு. கிட்டு, மினிட்ஸ்ல இருக்கா இல்லையா?"

"இருக்கு" என்றார் கிட்டு. "அதுக்கு அடுத்த வரியிலே உம்ம பேரும் இருக்கு."

"அடுத்த வரியை அடியும்."

கலை நிபுணர் செல்லப்பாண்டி கண்ணைப் பாதி மூடினார். "வெள்ளைதான் கலையோட உச்சம். நான் மொத நாளே மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேன், காலி எடத்துலதான் கண்ணு போய் நிம்மதியா உக்காருதுன்னு. இந்தச் சபைக்கு மரியாதை குடுத்து வாயத் தொறக்கல."

பத்தே நிமிஷத்தில் மதிப்பீட்டு முறை திருத்தப்பட்டது. எழுதுவதற்கு இடம், நூற்றுக்கு நூறு. மங்களம், மரியாதை, நிறம், பார்வை எல்லாம் அவரவர் மனசைப் பொறுத்தது. வெயிலுமுத்துவின் பையில் திங்கட்கிழமை அடித்த தாள் ஒன்று இருந்தது. கொடுத்தான். நூறு கொடுத்தார்கள். முன்பு அதே தாளுக்கு ரெண்டு கொடுத்ததை ஒருவரும் நினைவுபடுத்தவில்லை.

"ரொம்பச் சந்தோஷம், அண்ணாச்சி" என்றான் வெயிலுமுத்து. "ஆனா ஆர்டர் கையில நிக்கணும்னா கம்பெனி விதிப்படி ரெண்டு கையெழுத்தாவது வேணும். இருபத்தேழு வேண்டாம். ரெண்டே பேரு."

இருபத்தாறு பேர் எழுந்து செருப்பைத் தேட ஆரம்பித்தார்கள்.

"இது ஒற்றுமைச் சங்கம்வே" என்றார் தலைவர் கடைசியில். "யாருக்கும் இஷ்டம் இல்லன்னு ஒரே மனசாச் சொல்லுதோம். இதைவிட ஒற்றுமை வேற எங்க பாப்பீரு?"

வெயிலுமுத்து ஜாமீன் ஃபாரத்தை எடுத்துக்கொண்டு படியிறங்கினான். தாராவி வழியாகத்தான் நடந்தான், பிரஸ்ஸில் சொல்லிவிட்டுப் போகலாம் என்று. மன்சூர் அலி முழுக்கதையையும் கேட்கவில்லை. மை படிந்த விரலைத் துணியில் துடைத்துக்கொண்டு, "ஃபாரத்தை இங்க கொண்டா" என்றார். வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

"கோர்ட்டுக்குக் கூப்பிடுவான், பாய்."

"உம்ம பை நேரத்துக்கு வராதுன்னா நான் அந்த எழுத்தைப் பிரிக்காம வச்சிருப்பேனா?"

இரண்டாவது கையெழுத்து பூமாரியுடையது. தமிழில், தாள் கிழிகிற மாதிரி அழுத்திப் போட்டாள்.

மிஸ்திரி சாகிப் ஃபாரத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "ஸத்தாயீஸ் கா தோ ஹோ கயா? ஔர் யே... தும்ஹாரி பீவி?" இருபத்தேழு இரண்டாகிவிட்டதா, இது உன் பெண்டாட்டியா என்று கேட்டார்.

"ஹா, சாப். பை பனானேவாலா மைன். பன்வானேவாலி வோ." பை செய்கிறவன் நான், செய்ய வைக்கிறவள் அவள் என்றான்.

பார்சி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். வீட்டில் அவருக்கும் ஒருத்தி இருந்திருக்க வேண்டும். "இஸ்ஸே பக்கா ஜாமீன் நஹி மிலேகா" என்று சொல்லி, இதைவிடக் கெட்டியான ஜாமீன் கிடைக்காது என்று முத்திரையைக் குத்தினார்.

நானூறு பையும் இருபத்தெட்டாம் தேதியே போய்ச் சேர்ந்தன. இரண்டு நாள் முன்னால். கடைசி வாரம் முழுக்கப் பூமாரி மிஷினுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள், ஒன்றும் சொல்லாமல். அதுவே போதுமாக இருந்தது. அடுத்த மாசம் மாட்டுங்கா பிளாட்பாரத்தில் எந்த வண்டி நின்றாலும் டை கட்டின பையன் ஒருவன் வெயிலுமுத்துவின் பையோடு இறங்கினான். உள்ளே தலால் லேபிள் இல்லை.

இத்தோடு முடிந்திருந்தால் நான் உங்களிடம் இவ்வளவு ஆசையாக வந்து சொல்லியிருக்க மாட்டேன். நேற்று கிட்டு லேபர் கேம்ப் வரைக்கும் நடந்தே வந்தார், கக்கத்தில் மினிட்ஸ் புத்தகத்தோடு. சங்கத்தின் ஆண்டுவிழா வருகிறதாம். ஆர்டர் கிடைத்தது பெரியவர்கள் பெயர் அச்சில் இருந்த பலத்தால்தான் என்று சபை ஒருமனதாக முடிவு செய்திருக்கிறதாம். ஆகவே இருபத்தேழு பெயரும் மறுபடி லெட்டர்ஹெட்டில் வர வேண்டும். இந்த முறை ஞானதுரை நிமிர்ந்து. பாதுகாப்புக்கு, அடியில் ஒரே ஒரு வரி சேர்க்க வேண்டும்: 'மேற்கண்ட பெயர்கள் அழகுக்கு மட்டும், பொறுப்புக்கு அல்ல.'

வெயிலுமுத்து முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். பூமாரி முந்திக்கொண்டாள்.

"போட்டுருவோம், மாமா. தாராளமாப் போட்டுருவோம். ஆனா அழகு எங்க கையில. இருபத்தேழு பேரையும் மிளகு அளவு எழுத்துல போடுதோம். அந்தக் கடைசி வரிய மட்டும், தாதர் ஃபாஸ்ட்டுல போறவனுக்கும் தெரியுத அளவுல போடுதோம். சம்மதமான்னு கேட்டுச் சொல்லுங்க."

கிட்டு அதையும் எழுதிக்கொண்டு போயிருக்கிறார். கமிட்டி ஞாயிற்றுக்கிழமை கூடுகிறது. மன்சூர் அலி இப்போதே பெட்டியில் இருக்கிற ஆகப் பெரிய எழுத்தைத் தேடி எடுத்துத் துடைத்து வைத்துவிட்டார், சினிமா நோட்டீசுக்கு வைத்திருந்தது, ஒவ்வொன்றும் உள்ளங்கை அளவு. அடுத்த அறையில் குடியிருக்கிற எனக்கு இருப்பே கொள்ளவில்லை. அந்த வரியைச் சிவப்பில் அடிக்கலாம் என்று நான் சொல்கிறேன், பூமாரி மஞ்சள்தான் மங்களம் என்கிறாள். நீங்கள் சொல்லுங்களேன், எந்த நிறம் போட்டால் கமிட்டி நூற்றுக்கு நூறு கொடுக்கும்?